பட்டனை ஒரு தடவை அழுத்தினால் மூன்று தடவை எண்ணுவது ஏன்?

ஒரு பட்டன், ஒரு ஆர்டுயினோ யூனோ (மைக்ரோகன்ட்ரோலர் சிப் இருக்கும் பயிற்சிப் போர்டு). பட்டனை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை ஒன்று கூடவேண்டும். எம்பெடட் நிரலாக்கம் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு முதல் சில நாட்களிலேயே வரும் பயிற்சி இது. பத்து தடவை அழுத்திவிட்டுப் பார்த்தால் 14 என்று காட்டும். மறுபடி முயன்றால் 11, அடுத்து 17. நிரலை எத்தனை தடவை திருப்பிப் படித்தாலும் தவறு அகப்படாது, ஏனென்றால் தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. பட்டனிலிருந்து வருவது சுத்தமான டிஜிட்டல் சிக்னல் என்று நம்பியதுதான் பிழை.

சுவிட்சின் துள்ளலுக்கு பவுன்ஸ் என்றும், அதை நீக்கி ஒரு அழுத்தத்தை ஒரே மாற்றமாக ஆக்கும் வேலைக்கு டிபவுன்ஸ் என்றும் பெயர். மைக்ரோகன்ட்ரோலரில், அதாவது நிரலை ஓட்டும் சிறு கணினிச் சிப்பில், இதை நிரலாகச் செய்யலாம்; எஃப்பிஜிஏவில், அதாவது உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்பில், சர்க்யூட்டாகச் செய்யலாம். இரண்டையும் செய்து பார்க்கச் சொல்வோம். கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதற்கும், ஆயிரக்கணக்கான ஃபிளிப்-ஃபிளாப்புகள் (ஒரு பிட்டைப் பிடித்து வைத்திருக்கும் சிறு சர்க்யூட்டுகள்) ஒரே கிளாக்கில் (சிப்பின் தாளத் துடிப்பில்) சேர்ந்து மாறுவதற்கும் உள்ள வேறுபாடு இந்தச் சின்னப் பட்டனில் பிடிபடுவதுபோல வேறெதிலும் எளிதாகப் பிடிபடாது.

உள்ளே நடப்பது

பிரெட்போர்டில் செருகும் 6 மில்லிமீட்டர் டாக்ட் சுவிட்சுக்குள் குவிந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தியதும் அது உள்வாங்கி, கீழே இருக்கும் உலோகத்தைத் தொடும். எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டால் அடங்குவதற்குள் பல தடவை அதிருமே, அதுபோல இந்தத் தகடும் தொட்டு, விலகி, மறுபடி தொட்டுத்தான் நிலைக்கும். சில நூறு மைக்ரோ செகண்டிலிருந்து ஐந்தாறு மில்லி செகண்ட் வரை இது நீடிப்பது வழக்கம். தேய்ந்த சுவிட்சில் இன்னும் கூடும். கையை எடுக்கும்போதும் இதே துள்ளல் உண்டு. பலரும் அழுத்தும் பக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள்.

விரலுக்கு இது தெரியாது, சிப்புக்குத் தெரியும். யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி 16 மெகா ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு கிளாக் 62.5 நானோ செகண்ட். ஒரு மில்லி செகண்டுக்குள் 16,000 கிளாக். பட்டன் இணைந்திருக்கும் பின்னை (சிப்பின் காலை) படித்து முந்தைய நிலையோடு ஒப்பிடும் சிறிய லூப் ஒரு சுற்றைச் சில மைக்ரோ செகண்டுகளில் முடித்துவிடும். ஆகவே தகடு தொட்டு விலகும் ஒவ்வொரு தடவையையும் அது தனி அழுத்தமாகவே எடுத்துக்கொள்கிறது.

பிழை தேடும்போது குழப்பும் ஒரு விஷயம் உண்டு. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் சீரியல் மானிட்டருக்கு (போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சாளரம்) ஏதாவது அச்சிட்டால், பவுன்ஸ் பெரும்பாலும் மறைந்துவிடும். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்து போக ஏறத்தாழ 1 மில்லி செகண்ட் ஆகும். நாலைந்து எழுத்து அச்சிட்டால், பஃபர் நிரம்பிய பிறகு சுற்று ஒவ்வொன்றும் நாலைந்து மில்லி செகண்ட் காத்திருக்கும். அதற்குள் துள்ளல் அடங்கிவிடும். அச்சிடும் வரியை நீக்கியதும் பிழை திரும்பி வரும். "பிரின்ட் போட்டால் வேலை செய்கிறது, எடுத்தால் செய்யவில்லை" என்று யாராவது சொன்னால், முதலில் நேரத்தைச் சந்தேகியுங்கள்.

முதலில் வயரிங்

டிபவுன்ஸ் எழுதுவதற்கு முன்பு, பார்ப்பது உண்மையிலேயே பவுன்ஸ்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பட்டனைத் தொடாமலே எண் ஏறினாலும், கையை வயரின் அருகே கொண்டுபோனதும் ஏறினாலும் அது பவுன்ஸ் அல்ல. பின் எதோடும் இணைக்கப்படாமல் மிதக்கிறது. சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலை அது ஆண்டெனாவாக வாங்கிக்கொள்கிறது. அழுத்தும்போதும் விடும்போதும் மட்டும் எண் தாறுமாறாக ஏறினால்தான் பவுன்ஸ்.

மிதப்பதைத் தடுக்க, பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் புல்அப் ரெசிஸ்டர் வேண்டும். ஏடிமெகாவுக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான புல்அப் இருக்கிறது. பின்னை இன்புட் புல்அப் முறையில் அமைத்தால் அது இயங்கும். பட்டனின் ஒரு காலைப் பின் 2க்கும், மற்றதைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். அழுத்தாதபோது பின் 2இல் படிக்கும் மதிப்பு 1, அழுத்தினால் 0. தலைகீழாகத் தோன்றினாலும் நடைமுறையில் இதுதான் வசதி. வயர் நீளமாக இருந்தாலோ பக்கத்தில் மோட்டார் இருந்தாலோ உள் புல்அப் பலவீனம். 5 வோல்ட்டுக்கு வெளியே ஒரு 10 கே ரெசிஸ்டர் போடுங்கள். அழுத்தியிருக்கும்போது அதில் 0.5 மில்லி ஆம்பியர்தான் ஓடும். பின் 0, பின் 1 இரண்டும் சீரியலுக்கு உரியவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

டாக்ட் சுவிட்சுக்கு நான்கு கால் இருந்தாலும் முனை இரண்டுதான். இரண்டிரண்டு கால்கள் உள்ளே எப்போதும் இணைந்தே இருக்கும். அதை 90 டிகிரி திருப்பிச் செருகிவிட்டால், அழுத்தாமலே அழுத்தியதாகக் காட்டும். மூலைக்கு மூலை எதிரெதிராக இருக்கும் இரண்டு கால்களை எடுத்துக்கொண்டால் எப்படிச் செருகினாலும் தவறாது. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்துச் சோதியுங்கள்.

பவுன்ஸைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், 8 சானல், 24 மெகா ஹெர்ட்ஸ் என்று மலிவாகக் கிடைக்கும் லாஜிக் அனலைசரும் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளும் போதும். 1 மெகா ஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்து, 1லிருந்து 0க்கு இறங்கும் விளிம்பில் டிரிகர் வையுங்கள். கையில் போர்டே இல்லாதவர்கள் வோக்வி சிமுலேட்டரில் செய்யலாம். அதில் இருக்கும் பட்டன் துள்ளலையும் சேர்த்தே காட்டும்.

நிரலில் தீர்ப்பது

மாற்றம் தெரிந்ததும் 50 மில்லி செகண்ட் டிலே போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் அந்த 50 மில்லி செகண்டும் சிப் வேறெதையும் செய்யாது: டிஸ்ப்ளே சிமிட்டும், சென்சார் ரீடிங் தவறும். முதல் நாள் லேபுக்கு மட்டும் போதும்.

நேரத்தை அளந்து செய்வதே சரியான வழி. மூன்று மாறிகள் வேண்டும்: கடைசியாகப் படித்த மதிப்பு, உறுதியான நிலை, மாறிய நேரம். ஒவ்வொரு சுற்றிலும் பின்னைப் படியுங்கள். கடைசியாகப் படித்ததிலிருந்து மாறியிருந்தால், மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து ஆன மில்லி செகண்டுகளைத் தரும் ஆர்டுயினோ ஃபங்க்ஷன்) தரும் நேரத்தை மாறிய நேரமாகக் குறித்துக்கொண்டு, புதிய மதிப்பைச் சேமியுங்கள். அடுத்து, இப்போதைய நேரத்திலிருந்து மாறிய நேரத்தைக் கழியுங்கள். விடை 20க்கு மேல் இருந்து, படித்த மதிப்பும் உறுதியான நிலையிலிருந்து வேறுபட்டால் மட்டும் உறுதியான நிலையை மாற்றுங்கள். அப்படி மாறி 0 ஆன அந்தக் கணத்தில்தான் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். கூட்டுவதை "உறுதியான நிலை மாறியதா" என்ற நிபந்தனைக்கு வெளியே வைத்தால், பட்டனைப் பிடித்திருக்கும் வரை எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

நேரத்தைச் சேமிக்கும் மாறியின் வகையில் பலர் சறுக்குகிறார்கள். மில்லிஸ் தருவது குறியில்லாத 32 பிட் எண். யூனோவில் இன்ட் என்பது வெறும் 16 பிட். அதில் அடங்குவது 32,767 வரைதான். மாறிய நேரத்தை இன்ட்டில் வைத்தால் முதல் 32 விநாடி எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன்பிறகு சேமித்த எண் சிதைந்து, கழித்தால் வரும் விடை எப்போதும் 20க்கு மேலேயே நிற்கும்; டிபவுன்ஸ் செயலிழந்து பழைய இரட்டை எண்ணிக்கை திரும்பிவிடும். அரை நிமிடம் கழித்துத்தான் பிழை தலைகாட்டும் என்பதால், சோதித்துப் பார்த்தவரே "நன்றாகத்தானே ஓடியது" என்று சுவிட்சைக் குறை சொல்வார். அன்சைன்ட் லாங் என்று அறிவித்தால் இந்தத் தொல்லை இல்லை. மில்லிஸ் 49.7 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். அப்போதும் கழித்தல் சரியாகவே வரும். "மாறிய நேரத்தோடு 20ஐக் கூட்டி ஒப்பிடு" என்று எழுதினால்தான் அந்த இடத்தில் தவறும்.

பட்டன்கள் பல இருந்தால் இன்னொரு முறை அழகாக இருக்கும். டைமர் ஒன்றை 2 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஓடவிட்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பைட் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பைட்டை ஒரு இடம் இடப்பக்கம் நகர்த்தி, புதிதாகப் படித்த பிட்டை வலக்கடைசியில் சேருங்கள். எட்டும் 0 ஆனால் அழுத்தியாயிற்று, எட்டும் 1 ஆனால் விட்டாயிற்று. கலந்து இருந்தால் பழைய நிலையையே வைத்திருங்கள். ஏறத்தாழ 15 மில்லி செகண்ட் அசையாமல் இருந்தால்தான் மாற்றம் ஏற்கப்படும்.

இன்டரப்ட் (பின் மாறியதும் ஓடும் நிரலை இடைமறித்து வேறொரு சிறு நிரலை ஓட்டும் வசதி) வைத்தால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. தீராது, ஒவ்வொரு துள்ளலும் ஒரு இன்டரப்டைக் கிளப்பும். அதற்குள் 50 மில்லி செகண்ட் டிலே போட்டால் யூனோ அங்கேயே உறைந்துவிடும், ஏனென்றால் நேரத்தை முன்னே நகர்த்தும் டைமரும் ஒரு இன்டரப்ட்தான். ஒன்றுக்குள் இருக்கும்போது மற்றது ஓடாது. இன்டரப்டில் மாறும் மாறியை வாலடைல் (ஒவ்வொரு தடவையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) என்று அறிவிக்க வேண்டும். அது இரண்டு பைட் எண்ணாக இருந்தால், இன்டரப்டை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிரதி எடுக்க வேண்டும். இது 8 பிட் சிப், ஒரு பைட்டைப் படித்து அடுத்ததைப் படிப்பதற்குள் மதிப்பு மாறிவிடலாம். கையால் அழுத்தும் பட்டனுக்கு இத்தனை பாடு தேவையில்லை. தூங்கும் சிப்பை எழுப்ப மட்டும் இன்டரப்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கெப்பாசிட்டரால் தீர்ப்பதும் உண்டு. 10 கே புல்அப் இருக்கும் பட்டனுக்குக் குறுக்கே 1 மைக்ரோ ஃபாரட் போட்டால், தொடர்பு விட்டுப்போகும் இடைவெளியில் மின்னழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். ஏடிமெகா 5 வோல்ட்டில் ஓடும்போது 3 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் நிச்சயமாக 1 என்று எடுத்துக்கொள்ளும். அதை எட்ட ஏறத்தாழ 9 மில்லி செகண்ட் ஆகும். பலரும் போடும் 0.1 மைக்ரோ ஃபாரட்டில் இது 0.9 மில்லி செகண்ட்தான், சில சுவிட்சுகளுக்குப் போதாது. பட்டனோடு தொடராக 100 ஓம் சேருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அழுத்தத்திலும் கெப்பாசிட்டரின் மின்னேற்றம் முழுதும் ஒரே வீச்சில் தகட்டின் வழியே பாயும்.

எஃப்பிஜிஏவில் அதே பட்டன்

இங்கே லூப் கிடையாது, மில்லிஸ் கிடையாது. நேரம் வேண்டுமானால் கிளாக்கை நீங்களே எண்ணவேண்டும். மாணவர்கள் வாங்கக்கூடிய டாங் நானோ 9கே போர்டை எடுத்துக்கொள்வோம்: 27 மெகா ஹெர்ட்ஸ் கிளாக், இரண்டு பட்டன், ஆறு எல்இடி. பட்டனுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே மூன்று சிறு சர்க்யூட்டுகள் வரும்.

முதலாவது சின்க்ரனைசர். கிளாக் விளிம்பு வரும் நேரத்தில் உள்ளீடு அசையாமல் இருந்தால்தான் ஃபிளிப்-ஃபிளாப் அதைச் சரியாகப் பிடிக்கும். விளிம்புக்கு முன்பு கொஞ்ச நேரமும் பின்பு கொஞ்ச நேரமும் அது மாறக்கூடாது. உங்கள் விரலுக்கு 27 மெகா ஹெர்ட்ஸ் கிளாக் எப்போது வருகிறது என்று தெரியாது. தவறான கணத்தில் மாறினால், வெளியீடு 0வும் இல்லாமல் 1ம் இல்லாமல் சிறிது நேரம் தடுமாறும். இதை மெட்டாஸ்டபிலிட்டி என்பார்கள். இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று: பட்டனின் வயர் நேராகப் பல ஃபிளிப்-ஃபிளாப்புகளுக்குப் போனால், பாதையின் நீளம் மாறுபடுவதால் அதே கிளாக்கில் ஒன்று 0 என்றும் இன்னொன்று 1 என்றும் படித்துவிடும். எண்ணிக்கை 3லிருந்து 4க்குப் போகாமல் சம்பந்தமில்லாத எண்ணுக்குத் தாவும்.

தீர்வு, வரிசையாக இரண்டு ஃபிளிப்-ஃபிளாப். முதலாவது தடுமாறினாலும், அடுத்த கிளாக் வரை 37 நானோ செகண்ட் அவகாசம் இருக்கிறது. அதற்குள் அது அடங்கிவிடும். மற்ற சர்க்யூட்டெல்லாம் இரண்டாவதின் வெளியீட்டை மட்டுமே பார்க்கவேண்டும். ஏடிமெகாவில் இப்படி எதையும் செய்யவில்லையே என்று கேட்கலாம். அங்கே ஒவ்வொரு பின்னுக்குள்ளும் தயாரிப்பாளரே ஒரு சின்க்ரனைசர் வைத்திருக்கிறார்; அதனால்தான் பின்னில் நடக்கும் மாற்றம் நிரலுக்குத் தெரிய அரை முதல் ஒன்றரை கிளாக் தாமதமாகிறது.

சர்க்யூட்டை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில், இந்த இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புக்கான வரிகளையும் நான்-பிளாக்கிங் முறையில்தான் (<= குறியோடு, இரண்டும் ஒரே நேரத்தில் மாறும்படி) எழுதவேண்டும். வெறும் சமக்குறி போட்டு "முதலாவது, பிறகு இரண்டாவது" என்று எழுதினால், இரண்டாவது ஃபிளிப்-ஃபிளாப்பும் நேராகப் பட்டனையே படிக்கும். வெரிலாக்கைச் சர்க்யூட்டாக மாற்றும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். பிழைச் செய்தி வராது, பாதுகாப்பு மட்டும் போய்விடும்.

இரண்டாவது, எண்ணி (கவுன்டர்). சின்க்ரனைசரின் வெளியீடும் உறுதியான நிலையும் ஒன்றாக இருந்தால் எண்ணியைச் சுழியமாக்குங்கள். வேறுபட்டால் ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒன்று கூட்டுங்கள். 10 மில்லி செகண்ட் தொடர்ந்து வேறுபட்டால் உறுதியான நிலையை மாற்றிவிட்டு எண்ணியைச் சுழியமாக்குங்கள். 27 மெகா ஹெர்ட்ஸில் 10 மில்லி செகண்ட் என்றால் 2,70,000 கிளாக். சுழியத்திலிருந்து தொடங்குவதால் 2,69,999ஐ எட்டியதும் மாற்றவேண்டும். இதற்கு எத்தனை பிட் வேண்டும்? 18 பிட்டில் 2,62,143க்கு மேல் எண்ண முடியாது. 18 என்று அறிவித்துவிட்டால் எண்ணி நிரம்பி நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்புமே ஒழிய இலக்கை எட்டவே எட்டாது, பட்டன் செத்ததுபோலக் கிடக்கும். 19 பிட் வேண்டும். இல்லை, 18 பிட் எண்ணி முழுதாக நிரம்புவதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள், 9.7 மில்லி செகண்ட் கிடைக்கும், அதுவும் போதும்.

மூன்றாவது, விளிம்பைக் கண்டறிவது. உறுதியான நிலையை இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப்பில் ஒரு கிளாக் தாமதமாகப் பிரதி எடுங்கள். பிரதி 1 ஆகவும் உறுதியான நிலை 0 ஆகவும் இருக்கும் அந்த ஒரே கிளாக்தான் அழுத்தம். இதை விட்டுவிட்டு "0 ஆக இருந்தால் கூட்டு" என்று எழுதினால், பத்தில் ஒரு விநாடி அழுத்தினாலே எண் 27 லட்சம் ஏறிவிடும்; கடைசி ஆறு பிட்டுகளைக் காட்டும் எல்இடிகள் எல்லாமே மங்கலாக எரிவதுபோலத் தெரியும். இந்தப் போர்டில் எல்இடி 0 கொடுத்தால்தான் எரியும் என்பதையும் மறக்கவேண்டாம். எண்ணைத் தலைகீழாக்கித்தான் அனுப்பவேண்டும்.

இந்த மூன்று சர்க்யூட்டுகளும் சேர்த்தால் சின்க்ரனைசருக்கு 2, எண்ணிக்கு 19, உறுதியான நிலைக்கு 1, அதன் பிரதிக்கு 1, ஆக 23 ஃபிளிப்-ஃபிளாப். சிப்பில் இருப்பவை 6,480.

பட்டனையே கிளாக்காகக் கொடுத்து எண்ணியை ஓட்டும் குறுக்குவழியை ஒருபோதும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு துள்ளலும் ஒரு கிளாக் விளிம்பாகிவிடும். கிளாக்குக்கென்று சிப்பில் இருக்கும் தனிப் பாதைகளையும் அது பயன்படுத்தாமல் போகலாம். ஒரு டிசைனில் ஒரே கிளாக், மற்றதெல்லாம் அதற்குள் ஒரு கிளாக் நீளும் பல்ஸ்: தொடக்கத்திலேயே இந்தப் பழக்கம் வரவேண்டும்.

போர்டில் ஏற்றுவதற்கு முன்

ஐகாரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டரில் ஓட்டி, ஜிடிகேவேவ் என்ற மென்பொருளில் சிக்னல் அலைகளைப் பாருங்கள், இரண்டும் இலவசம். 2,70,000 என்ற எண்ணை மாடியூலுக்குள் நேராக எழுதாமல் பாராமீட்டராக வையுங்கள். டெஸ்ட்பெஞ்சில் (சர்க்யூட்டுக்கு உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் நிரலில்) அதை 10 ஆக்கிவிட்டால் சில நூறு கிளாக்கில் சோதனை முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு அழுத்தத்தைப் பார்க்கவே லட்சக்கணக்கான கிளாக் ஓடி, அலைக் கோப்பு பெருத்துவிடும்.

சிமுலேஷனில் பட்டன் தானாகத் துள்ளாது. துள்ளலை நீங்கள்தான் எழுதவேண்டும். உள்ளீட்டை 0 ஆக்குங்கள், 3 கிளாக் கழித்து 1, ஒரு கிளாக் கழித்து 0, 4 கழித்து 1, 2 கழித்து 0, அப்புறம் 30 கிளாக் அப்படியே விடுங்கள். பிறகு விடும் பக்கத்துக்கும் இதேபோல. உறுதியான நிலை ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறவேண்டும், பல்ஸ் ஒரே ஒரு கிளாக் வரவேண்டும். உள்ளீட்டைக் கிளாக் ஏறும் விளிம்பிலேயே மாற்றாமல், இறங்கும் விளிம்பில் மாற்றுங்கள். இல்லையென்றால் எது முதலில் நடந்தது என்பது சிமுலேட்டரின் விருப்பமாகிவிடும்.

அலைகள் முழுதும் சிவப்பாக, எக்ஸ் என்று வந்தால் ரெஜிஸ்டர்களுக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கவில்லை என்று பொருள். எண்ணிக்குச் சுழியம், மற்ற நான்குக்கும் 1 கொடுங்கள், ஏனென்றால் அழுத்தாத பட்டனின் நிலை 1. உறுதியான நிலை 0 ஆகவும் அதன் பிரதி 1 ஆகவும் தொடங்கினால், யாரும் தொடாமலே முதல் கிளாக்கில் ஒரு அழுத்தம் பதிவாகிவிடும்.

போர்டில் ஏற்றியபின் வேகமாகத் தட்டிப் பாருங்கள், மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள், பிடித்துக்கொண்டு மெல்ல விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மெதுவாக அழுத்தும்போதுதான் குறை வெளிப்படும். இரட்டை எண்ணிக்கை எஞ்சினால் 10ஐ 20 மில்லி செகண்டாக்குங்கள். அப்போது 5,40,000 கிளாக், 20 பிட் எண்ணி. 50க்கு மேல் போகவேண்டாம்: வேகமாகத் தட்டுபவர் ஒரு விநாடிக்குப் பத்து தடவை தட்டினால், ஒவ்வொரு அழுத்தமும் 50 மில்லி செகண்ட் அளவுக்கே நீடிக்கும், நிஜ அழுத்தங்களே விடுபட்டுப்போகும். 20லும் சரியாகவில்லை என்றால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாமல் சுவிட்சை மாற்றுங்கள். பிரெட்போர்டில் தனியாகச் செருகிய பட்டன் என்றால், அந்தத் துளையின் பிடி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.